பண்பாடு பட்டாவாக மாறியபோது

தக்கலையைச் சேர்ந்த ஒரு தம்பி எனக்கு எழுதிய கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். கார்கிவ் நகரில் நான்காம் ஆண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது போர் தொடங்கிவிட்டது. சுரங்க ரயில் நிலையத்தின் தரையில் ஆறு இரவுகள் கிடந்து, கிடைத்த ரயிலில் மேற்கே போய், எல்லை தாண்டி, 2022 மார்ச்சில் அவர் ஊர் வந்து சேர்ந்தார். அங்கே அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரான மூதாட்டி ரஷ்ய மொழிதான் பேசுவாராம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு புஷ்கின் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லித்தருவாராம். இப்போது அதே அம்மையார் தொலைபேசியில் ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் பேச மறுத்து, தட்டுத்தடுமாறி உக்ரைனிய மொழியில் பேசுகிறார். நகரத்தில் இருந்த புஷ்கின் சிலையையும் அகற்றிவிட்டார்கள். “அந்தக் கவிஞர் என்ன பாவம் செய்தார்? போருக்கு முன்பு ரஷ்யாவின் பண்பாட்டுத் தூதுறவை உக்ரைனியர் எப்படித்தான் பார்த்தார்கள்? நாமும் ரஷ்யப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள்தானே, நமக்கு அந்தக் கசப்பு வரவில்லையே?” என்று கேட்கிறார்.

கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது நம்முடைய சொந்த அனுபவம். நாகர்கோவிலில் நெடுங்காலம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ப. ஜீவானந்தம் பிறந்த பூதப்பாண்டி இருக்கும் மாவட்டம் இது. என் தலைமுறையில் இங்கே வாசிக்கப் பழகிய பலருக்கும் முதல் நல்ல புத்தகம் மாஸ்கோவிலிருந்துதான் வந்தது. முன்னேற்றப் பதிப்பகமும் மீர், ராதுகா பதிப்பகங்களும் அங்கேயே தமிழில் அச்சிட்டு அனுப்பியவற்றை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. பூர்ணம் சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்களின் மொழிபெயர்ப்பில், கெட்டி அட்டையும் உறுதியான தையலும் கொண்ட அந்த நூல்கள், பள்ளி மாணவனும் வாங்கக்கூடிய விலைக்குக் கிடைத்தன. ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாள்களைப் பிரித்து நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டோம். அதுவும் பண்பாட்டுத் தூதுறவுதான். ஒரு வல்லரசு தன் பணத்தைச் செலவிட்டு நம் மனத்தில் இடம் பிடிக்கச் செய்த வேலைதான். ஆனாலும் அதைப் பெற்றுக்கொண்டதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

அந்தப் புத்தகங்களில் ஒன்றை இப்போது மறுபடி திறந்து பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. ‘வீரம் விளைந்தது’ நாவலைத் தமிழ்நாட்டில் படிக்காத இடதுசாரி வாசகர் அரிது. அதன் நாயகன் பாவெல் கர்ச்சாகின் வளரும் ஊர் ஷெபெத்திவ்கா. சேற்றிலும் பனியிலும் கிழிந்த காலணியோடு இளைஞர்கள் குறுகிய ரயில் பாதை போடும் இடம், கீவ் நகரத்தை அடுத்த பயார்க்கா. இரண்டும் உக்ரைனில் இருக்கின்றன. நூலாசிரியர் நிக்கலாய் அஸ்திரோவ்ஸ்கி பிறந்த கிராமமும் இன்றைய உக்ரைனில்தான் உள்ளது. நாவல் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டது என்பதால் அதை ரஷ்ய நாவல் என்று நான் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் மூன்று முறை படித்தும், அந்த மண் எவருடையது என்று ஒருமுறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை. நமக்கு இது ஒரு சின்னக் கவனக்குறைவு. உக்ரைனியர்களுக்கோ இதுதான் அவர்களுடைய முழுக் குறையும்.

மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் எதுவும், தமிழ் என்பது ரஷ்ய மொழியின் கொச்சை வடிவம் என்று சொல்லவில்லை. கோட்டாறும் குளச்சலும் பழைய ரஷ்ய மண் என்று எந்தத் தூதரும் நம்மிடம் பேசவில்லை. நம்மை வேறொரு மக்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகே கொடுத்தார்கள். ஆகையால் அது பரிசாக இருந்தது. உக்ரைனுக்குள் அதே பண்பாடு ‘நீயும் நானும் ஒரே மக்கள்’ என்ற வாசகத்தோடு நுழைந்தது, அதாவது புத்தகத்துக்குள் ஒரு பட்டா நகலும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் உக்ரைனியர் ரஷ்யப் பண்பாட்டுத் தூதுறவைப் பார்த்த விதம், அந்த நகலை அவர்களில் யார் எப்போது பிரித்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தே மாறிவந்தது.

சிலர் மிக முன்பே பிரித்துப் பார்த்துவிட்டார்கள். 1863இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் வெளியிட்ட சுற்றறிக்கை, ‘சின்ன ரஷ்ய மொழி’ (உக்ரைனிய மொழிக்குப் பேரரசு வைத்த பெயர்) என்று தனியாக ஒன்று இருந்ததும் இல்லை, இப்போது இருக்கவும் இல்லை, இனி இருக்கவும் முடியாது என்ற வாசகத்தோடு, உக்ரைனிய மொழியில் சமய நூல்களும் பாடநூல்களும் அச்சாவதை நிறுத்தியது. 1876இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் ஜெர்மனியின் எம்ஸ் நகரத்தில் ஓய்விலிருந்தபோது கையெழுத்திட்ட ஆணை, அந்தத் தடையை மேலும் விரித்து, மேடை நாடகங்களையும் வெளிநாட்டிலிருந்து வரும் உக்ரைனிய நூல்களையும் சேர்த்துத் தடுத்தது. ஒரு மொழியில் கடவுளை வணங்கலாமா, பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிக்கலாமா, நாடகம் போடலாமா என்பதை இன்னொரு மொழிக்காரர் தீர்மானித்த காலம் அது. நிர்வாகத்தில் மலையாளமே மேலோங்கியிருந்த தென் திருவிதாங்கூரில் தமிழ்ப் பள்ளிக்கும் தமிழ் விண்ணப்பத்துக்கும் போராடி, 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களை இழந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் திருவிதாங்கூர் அரசு, தமிழ் என்ற மொழியே இல்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. உக்ரைனியரிடம் சொல்லப்பட்டது அதுதான்.

உக்ரைனின் தேசியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் வாழ்க்கையில் இந்த உறவின் இரண்டு முகங்களும் தெரிகின்றன. பண்ணையடிமையாகப் பிறந்த அவரை 1838இல் 2,500 ரூபிள் கொடுத்து விடுவிக்க உதவியவர்கள் ரஷ்யக் கலைஞர்களே. ஓவியர் பிரியூலோவ் கவிஞர் ஜுக்கோவ்ஸ்கியின் உருவப்படத்தை வரைந்து தர, அதைக் குலுக்கலில் விட்டு அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1847இல், அதே ஷெவ்சென்கோவைக் கைது செய்து, எழுதவும் வரையவும் கூடாது என்ற ஜார் மன்னரின் தனிக் குறிப்போடு சாதாரணப் படைவீரராகத் தொலைதூரத்துக்கு அனுப்பியதும் ரஷ்ய அரசுதான். படித்த உக்ரைனியர் பலர் இந்த இரண்டையும் மறக்காமல் மனத்தில் வைத்திருந்தார்கள். ரஷ்யக் கலைஞன் மீது அன்பு, ரஷ்ய அரசின் மீது எச்சரிக்கை என்பதே நெடுங்காலம் அவர்களுடைய நிலையாக இருந்தது.

தம்பி படித்த கார்கிவ் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே புஷ்கினுக்குச் சிலை வைத்தது 1904இல். அதே ஆண்டில், உக்ரைனிய விடுதலை பேசிய ஒரு சிறு குழுவினர் அதை வெடிவைத்துத் தகர்க்க முயன்று தோற்றார்கள். ஆகவே 2022 நவம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டது புதிதாகப் பிறந்த வெறுப்பு என்று எண்ண வேண்டாம். அதே சமயம், இடைப்பட்ட 118 ஆண்டுகளில் அந்த நகரத்தின் பெரும்பாலான மக்கள் அந்தச் சிலையடியில் காதலியைச் சந்தித்தார்கள், குழந்தைகளைப் படம் எடுத்தார்கள், அதில் ஓர் அரசியலையும் காணவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ‘உக்ரைனியர் பார்வை’ என்று ஒருமையில் பேசும்போது இந்த இரண்டு கூட்டத்தாரையும் சேர்த்தே பேச வேண்டும்.

சோவியத் காலத்தில் தடை வேறு உருவம் எடுத்தது. 1920களில் உக்ரைனிய இலக்கியம் ஒரு குறுகிய வசந்தத்தைக் கண்டது. அப்போது குடியரசின் தலைநகராக இருந்த கார்கிவில் எழுத்தாளர்களுக்கென்றே ‘ஸ்லோவோ’, அதாவது ‘சொல்’, என்று பெயரிட்ட அடுக்குமாடி வீடு கட்டப்பட்டது. 1930களில் அந்த வீட்டில் குடியிருந்தவர்களில் பலர் கைதாகிச் சுடப்பட்டார்கள். அதன்பின் உக்ரைனியப் பண்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடம் பூவேலைச் சட்டை, மேடை நடனம், கோரஸ் பாட்டு என்ற அளவில் பெரும்பாலும் சுருங்கியது. உயர்கல்வியும் பெரிய பதவியும் வேண்டுமானால் ரஷ்ய மொழியின் வழியாகவே போக வேண்டியிருந்தது. உக்ரைனின் போர்வீரர் குழுவான கோசாக்குகள் ரஷ்ய ஜாரின் பாதுகாப்பை ஏற்ற 1654 பெரெயஸ்லாவ் உடன்படிக்கையின் 300ஆம் ஆண்டு 1954இல் ‘மறு இணைப்பு’ என்ற பெயரில் நாடெங்கும் கொண்டாடப்பட்டது; 1982இல் கீவ் நகரத்தில் ‘மக்கள் நட்பு வளைவு’ எழுப்பப்பட்டது. ‘மறு இணைப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒன்றாக இருந்தது பிரிந்துபோய்த் திரும்பச் சேர்ந்தது என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

1991 டிசம்பர் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தனிநாட்டுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளை நாம் இன்றைய கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது. அன்று பெரும்பான்மை உக்ரைனியருக்கு ரஷ்யாவைப் பற்றி நல்லெண்ணமே இருந்தது. மாஸ்கோவின் தொலைக்காட்சித் தொடர்களும் பாடகர்களும் புத்தாண்டு இரவு நிகழ்ச்சிகளும் வீட்டுக்கு வீடு ஓடின. கிரிவி ரிக் என்ற சுரங்கத்தொழில் நகரத்தில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்த வலொதிமிர் செலென்ஸ்கியின் நகைச்சுவைக் குழு ரஷ்யத் தொலைக்காட்சியிலும் பேர் வாங்கியது. கிழக்கு உக்ரைனியருக்கு ரஷ்ய மொழி மாஸ்கோவின் சொத்தாகத் தோன்றவில்லை. அது அவர்கள் வீட்டு மொழி. விளவங்கோட்டில் வீட்டுக்குள் மலையாளம் பேசுபவர் அதனாலேயே தம்மைக் கேரளத்துக்காரர் என்று எண்ணிக்கொள்வதில்லை அல்லவா, அதைப் போன்றது அது. இன்னொரு புறம், 1918 வரை ஆஸ்திரியாவின் கீழும் பின்னர் 1939 வரை போலந்தின் கீழும் இருந்த மேற்குப் பகுதியில், லிவிவ் போன்ற ஊர்களில், ரஷ்யப் பாட்டு மேடை ஏறினால் புருவங்கள் உயர்ந்தன.

ஆனால் நல்லுறவு நிலவிய அந்த நாள்களிலும் ஓர் உறுத்தல் இருந்தது என்பதற்கு, அன்றைய குடியரசுத் தலைவர் லியோனித் குச்மா 2003இல் எழுதிய நூலே சாட்சி. ரஷ்யாவோடு இணக்கமாக இருந்த தலைவர் அவர். நூலும் ரஷ்ய மொழியில், மாஸ்கோவிலேயே வெளியிடப்பட்டது. அதன் தலைப்பு ‘உக்ரைன் ரஷ்யா அல்ல’. ஒரு நாட்டின் தலைவர், பதவியில் இருக்கும்போது, பக்கத்து நாட்டின் தலைநகரத்துக்குப் போய் இப்படி ஒரு தலைப்பில் புத்தகம் வெளியிட வேண்டிய நிலை இருந்தது என்றால், எதிர்த்தரப்பு அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதானே பொருள்?

தேர்தல் முறைகேட்டை எதிர்த்து உக்ரைனியர் தெருவில் திரண்ட 2004 ஆரஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ரஷ்யா தன் பண்பாட்டு வேலையை நிறுவனமாக்கத் தொடங்கியது. 2007இல் விளாதிமிர் புதினின் ஆணையால் ‘ருஸ்கி மீர்’ அறக்கட்டளை பிறந்தது. ஸ்டாலினின் வெளியுறவு அமைச்சர் மோலத்தவின் பேரனான வியாசெஸ்லாவ் நிக்கோனவ் அதன் தலைமையில் இருந்தார். அடுத்த ஆண்டு, வெளிநாடுகளில் வாழும் ‘சொந்த நாட்டவர்’ விவகாரங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி முகமை ஒன்றும் உருவாயிற்று. உக்ரைனியப் பல்கலைக்கழகங்களிலும் நூலகங்களிலும் ரஷ்ய மையங்கள் திறக்கப்பட்டன. இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ரஷ்ய மொழியில் ‘மீர்’ என்றால் உலகம். அமைதி என்பதற்கும் அதே ஒலிதான். என் அலமாரியில் உள்ள இயற்பியல், கணித நூல்களின் முகப்பில் ‘மீர் பதிப்பகம், மாஸ்கோ’ என்று அச்சாகியிருக்கிறது. அந்தச் சொல் எனக்கு அறிவியலின் வாசனையையே தருகிறது. அதே சொல் ‘ருஸ்கி மீர்’, ‘ரஷ்ய உலகம்’, என்று வரும்போது கீவ்காரரின் காதில், தன் வீடும் அந்த உலகத்தின் காம்பவுண்டுக்குள் அடக்கப்பட்டதாக விழுந்தது.

அவர்கள் தாமாகக் கற்பனை செய்துகொண்ட அச்சம் இது என்று தள்ளிவிட முடியாது. 2009 நவம்பரில் அந்த அறக்கட்டளையின் பேரவையில் பேசிய ரஷ்யத் திருச்சபையின் தலைவர் கிரில், ரஷ்ய உலகத்தின் மையம் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் ஆகியவையே என்று வெளிப்படையாக வரையறுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, உக்ரைனின் கிரிமியா தீபகற்பத்தில் உள்ள செவஸ்தப்போல் துறைமுக நகரம் ரஷ்யாவுக்கு உரியது என்று அந்த நகரத்திலேயே பேசிய மாஸ்கோ மேயர் லுஷ்கோவ், உக்ரைனுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டார். பண்பாட்டுக்கு நிதி தரும் அதே கை எல்லைக்கோட்டையும் தொட்டுப் பார்க்கிறது என்று கவனமுள்ளவர்கள் எழுதத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான். அதைப் படித்த பெரும்பாலோர் மிகைப்படுத்தல் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள்.

2009இல் நிக்கலாய் கோகலின் 200ஆம் பிறந்த ஆண்டை இரு நாடுகளும் கொண்டாடின. பொல்தாவா வட்டாரத்தில் பிறந்து ரஷ்ய மொழியில் எழுதியவர் அவர். கோசாக் வீரரைப் பற்றிய அவருடைய ‘தராஸ் புல்பா’ 1835இல் ஒரு வடிவத்திலும், 1842இல் ரஷ்ய உணர்வு மேலும் ஏற்றப்பட்ட, விரிந்த வடிவத்திலும் வெளியானது. எந்தப் பதிப்பைக் கையில் எடுக்கிறோம் என்பதே அரசியலாகிவிடும் எழுத்தாளர் அவர். அந்த ஆண்டு ரஷ்யப் பண்பாட்டு அமைச்சகத்தின் நிதியோடு வெளியான திரைப்படம் இரண்டாம் வடிவத்தின் ‘ரஷ்ய மண்’ முழக்கத்தையே உரக்கப் பேசியது. கோகல் எங்கள் ஆளா, உங்கள் ஆளா என்று வழக்காடுவது எனக்கு உவப்பான காரியமாக இல்லை. பெரிய எழுத்தாளனை இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடினால் அவனுக்கு நல்லதுதான். ஆனால் அந்த வழக்கில் ஒரு தரப்பு எழுத்தாளனை மட்டும் கேட்டது, மறு தரப்பு அவன் பிறந்த மண்ணையும் சேர்த்துக் கேட்டது.

இந்தக் கதையில் நான் மிகவும் யோசித்தது 2013 ஜூலை மாத நிகழ்வு. இளவரசர் வலொதிமிர் ஞானஸ்நானம் பெற்று கீவ் அரசு கிறிஸ்தவம் தழுவியதன் 1025ஆம் ஆண்டு விழாவுக்காகப் புதின் கீவ் நகரத்துக்கு வந்தார். கிரில் வந்தார். உக்ரைனியக் குடியரசுத் தலைவர் யனுகோவிச் உடன் நிற்க, நீப்பர் ஆற்றங்கரைக் குன்றில் வழிபாடு நடந்தது. மணியோசை, தூபம், பாட்டு. பார்த்தவர்களுக்கு அது ஒரு திருவிழா. எட்டு மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. 2014 பிப்ரவரி இறுதியில் அடையாளச் சின்னமில்லாத சீருடையில் ரஷ்யப் படையினர் கிரிமியாவைக் கைப்பற்றினார்கள். மார்ச் 18 அன்று அதை இணைத்துக்கொள்வதை அறிவித்த உரையில், புதின் அடுக்கிய காரணங்களில் ஒன்று, இளவரசர் ஞானஸ்நானம் பெற்ற கெர்சோனெஸ் கிரிமியாவில் இருக்கிறது என்பது. ஜூலையில் கும்பிட்ட அதே புனித நிகழ்வு மார்ச்சில் பட்டாவாகத் தாக்கல் செய்யப்பட்டது. போருக்கு முந்தைய விழாக்களை உக்ரைனியர் பின்னோக்கித் திரும்பிப் பார்த்து மறுவாசிப்புச் செய்தது அன்றுதான்.

நம் ஊர் நவராத்திரி ஊர்வலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மனும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். மன்னரின் உடைவாள் கைமாறுகிறது. யானையும் பல்லக்குகளும் களியக்காவிளையை அடையும்போது தமிழ்நாட்டுக் காவல்துறை வழியனுப்ப, கேரளக் காவல்துறை மரியாதை செலுத்தி வரவேற்கிறது. தக்கலை தம்பிக்கு இது வாசலில் நடக்கும் காட்சி. அந்த அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. அரண்மனை வாயிலில் மலையாளப் பலகையைப் பார்த்து நம்மில் யாருக்காவது நெஞ்சு படபடத்ததுண்டா? இல்லை, ஏனெனில் 1956இல் போட்ட எல்லைக்கோட்டை இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேரள முதலமைச்சர் எவராவது அந்த உடைவாளைக் காட்டி கல்குளம் தாலுகாவைக் கேட்டிருந்தால், அடுத்த ஆண்டு ஊர்வலத்தை நாம் இதே கண்ணோடு பார்த்திருக்க மாட்டோம். ஒரே நாட்டின் இரு மாநிலங்களையும் இரண்டு தனி நாடுகளையும் முழுதும் ஒப்பிட முடியாது. என்றாலும் யானைக்குப் பின்னால் படை வருமா என்ற கேள்வி எழாத இடத்தில்தான் யானையை ரசிக்க முடியும்.

2014 மார்ச் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. உக்ரைன், கிரிமியா விவகாரத்தில் புதினின் நிலைப்பாட்டை ஆதரித்து ரஷ்யக் கலைஞர்களின் கூட்டறிக்கை ஒன்றைப் பண்பாட்டு அமைச்சகம் வெளியிட்டது; கையெழுத்திட்டோர் எண்ணிக்கை விரைவில் 500ஐத் தாண்டியது. இசை நடத்துநர் கெர்கியெவ் அதில் இருந்தார். வயோலா மேதை யூரி பாஷ்மெத்தும் இருந்தார். பாஷ்மெத் வளர்ந்ததும் முதலில் இசை பயின்றதும் உக்ரைனின் லிவிவ் நகரத்தில். தன் பிள்ளையென்று அவருக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் கொடுத்திருந்த லிவிவ் இசைக் கல்விக்கழகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கலைஞன் வேறு, அரசு வேறு என்று ஷெவ்சென்கோ காலத்திலிருந்து காப்பாற்றி வந்த பிரிவினையைக் கலைஞர்களே கையெழுத்துப் போட்டு அழித்துவிட்டார்கள் என்றே பலர் உணர்ந்தார்கள். சிலை அகற்றப்பட்டதற்கான காரணத்தை 2022இல் தேடுவதைவிட இந்தக் கையெழுத்துகளில் தேடுவது பொருத்தம் என்பது என் எண்ணம்.

அதற்குப் பின் உக்ரைன் அரசு கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தியது. 2014இல் ரஷ்யத் தொலைக்காட்சி அலைவரிசைகள் பல நிறுத்தப்பட்டன. 2015இல் ரஷ்யத் திரைப்படங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2016இல் வானொலிகளில் உக்ரைனியப் பாடல்களுக்கு ஒதுக்கீடு வந்தது. 2017இல் ரஷ்யச் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. 2019இல் அரசு மொழிச் சட்டம் நிறைவேறியது. இவற்றில் எல்லாமே நியாயமானவை என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிகளில் உக்ரைனிய மொழியை முதன்மையாக்கிய 2017 கல்விச் சட்டத்தை ஹங்கேரியும் ருமேனியாவும் தம் மொழிச் சிறுபான்மையினருக்காக எதிர்த்தன. மொழிச் சட்டத்தில் சிறுபான்மை மொழிகளுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று அரசியல் சட்ட விவகாரங்களில் ஆலோசனை சொல்லும் ஐரோப்பாவின் வெனிஸ் ஆணையமும் குறை கூறியது. தாய்மொழிக்காகப் போராடிய மண்ணில் பிறந்தவன் என்ற முறையில், எந்த வீட்டு மொழியையும் சட்டத்தால் சுருக்குவது எனக்கு வலிக்கிறது. ஆனால் இந்தத் தடைகள் எந்த ஆண்டில் தொடங்குகின்றன என்று பாருங்கள். கிரிமியா போவதற்கு முன்னால் இவற்றில் ஒன்றும் இல்லை.

மறு பக்கத்தில் மாஸ்கோ என்ன செய்தது என்பதையும் உக்ரைனியர் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நகரத்தில் உக்ரைனிய இலக்கியத்துக்கென ஒரே ஒரு பொது நூலகம் இருந்தது. 2015 அக்டோபரில் அதன் இயக்குநர் நத்தாலியா ஷரினா தீவிரவாத நூல்களை வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டு, 2017இல் நான்காண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். நூலகமும் கலைக்கப்பட்டு நூல்கள் வேறு நூலகத்துக்குப் போயின. என் வீட்டில் உன் பாட்டுக்கு இடம் வேண்டும், உன் வீட்டில் என் புத்தகத்துக்கு இடமில்லை என்றால் அந்த உறவுக்கு என்ன பெயர் வைப்பது? 2016 நவம்பரில், கீவ் குன்றில் 1853 முதல் நிற்கும் இளவரசர் வலொதிமிருக்குப் போட்டியாக, அவர் காலத்தில் நகரமாகவே இல்லாத மாஸ்கோவில், கிரெம்ளின் அருகே ஒரு பெரிய சிலை திறக்கப்பட்டது. 2021 ஜூலை 12 அன்று ரஷ்யரும் உக்ரைனியரும் வரலாற்றால் ஒன்றானவர்கள் என்று வாதிடும் நெடிய கட்டுரையைப் புதின் வெளியிட்டார். அது ரஷ்ய மொழியோடு உக்ரைனிய மொழியிலும் வெளியாயிற்று. ஒரு மொழியின் தனித்தன்மையைக் குறைத்துப் பேசும் கட்டுரையை அந்த மொழியிலேயே வாசிக்கக் கொடுத்த அந்தச் செயலில், பழைய பட்டா நகல் கடைசியாக முழுதும் பிரித்துக் காட்டப்பட்டது. ஏழு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24, தம்பி குண்டுச் சத்தம் கேட்டு விழித்த காலை.

இனி, கவிஞர் என்ன பாவம் செய்தார் என்ற கேள்வி. தம்பி கார்கிவில் பத்து ஹிரிவ்னியா நோட்டைக் கையாண்டிருப்பார். அதில் இருப்பவர் இவான் மசேப்பா, 1708இல் ஜார் பீட்டரை விட்டு ஸ்வீடனோடு சேர்ந்த கோசாக் தலைவர். ரஷ்யத் திருச்சபை அவரைச் சபித்து விலக்கியது. ‘பொல்தாவா’ என்ற நெடுங்கவிதையில் அவரைத் துரோகியாக நிலைநிறுத்தியவர் புஷ்கின். ஒரு நாடு ரூபாய் நோட்டில் வைத்து மதிக்கும் ஆளை அந்த நாட்டுப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் துரோகி என்று படித்து வளர்ந்திருக்கிறார்கள். இருந்தும் வீட்டுக்கார அம்மையார் புஷ்கினை நேசித்தது இந்தக் கவிதைக்காக இல்லை. குளிர்காலத்தையும் தாதியையும் காதலையும் பற்றிய எளிய பாட்டுகளுக்காகவே. அவரிடமிருந்து அந்தப் பாட்டுகளைப் பறித்தது உக்ரைன் அரசின் சட்டம் எதுவும் இல்லை. 2022இல் தெற்கு உக்ரைனின் கெர்சோன் நகரத்தைப் பிடித்த ரஷ்ய நிர்வாகம் தெருவோரப் பெரிய பலகைகளில் புஷ்கின் படத்தைப் போட்டு, இது ரஷ்ய வரலாறு கொண்ட நகரம் என்று எழுதி வைத்தது. 2022 மார்ச் 16 அன்று மக்கள் ஒதுங்கியிருந்தபோது குண்டு விழுந்த மரியுபோல் நாடக அரங்கின் இடிபாட்டை, எழுத்தாளர்களின் உருவங்கள் தீட்டிய துணித் தட்டிகளால் சுற்றி மறைத்தார்கள், அங்கேயும் புஷ்கின். பிணங்களை மறைக்கும் திரையில் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு, பேத்திக்கு அந்தப் பாட்டைச் சொல்ல நாக்கு எழுமா?

கார்கிவில் புஷ்கின் பெயரில் இருந்த நீண்ட தெருவுக்கு 2024இல் ஹிரிஹோரி ஸ்கோவோரோதா என்ற பெயர் சூட்டப்பட்டது. தம்பி வாடகை கொடுத்த 500 ஹிரிவ்னியா நோட்டில் இருந்த முகம் அவருடையதுதான். 1722இல் பிறந்து, கையில் ஒரு பையும் புல்லாங்குழலுமாகக் கிராமம் கிராமமாக நடந்த மெய்யியலாளர். நம் சித்தர்களை அறிந்தவர்களுக்கு அவரைப் புரிந்துகொள்வது எளிது. ‘உலகம் என்னைப் பிடிக்க முயன்றது, பிடிக்கவில்லை’ என்று கல்லறையில் எழுதச் சொன்னவர். அவரையும் ரஷ்ய மெய்யியலின் முன்னோடி என்று ரஷ்ய நூல்கள் உரிமையோடு சேர்த்துக்கொள்கின்றன. கார்கிவ் மாகாணத்தில் அவர் கடைசி நாள்களைக் கழித்த வீட்டில் இருந்த அருங்காட்சியகத்தின் மேல் 2022 மே மாதம் ரஷ்ய ஏவுகணை விழுந்து, கூரையும் தளமும் எரிந்து போயின. எரிந்த சுவர்களுக்கு நடுவே அவருடைய சிலை மட்டும் கரி படிந்து நின்றது.

ஆகவே தம்பி, அந்த அம்மையாரிடம் அடுத்த முறை பேசும்போது ஏன் ரஷ்ய மொழி பேசுவதில்லை என்று கேட்க வேண்டாம். எழுபது வயதுக்கு மேல் ஒரு மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் பேசுகிறார். பேத்திக்கு இப்போது யாருடைய பாட்டைச் சொல்லித்தருகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை எனக்கும் எழுதுங்கள். என் அலமாரியில் அந்த மண்ணைச் சேர்ந்த புத்தகங்களைத் தனியாக எடுத்து அடுக்கத் தொடங்கியிருக்கிறேன், முதலில் வைத்தது ‘வீரம் விளைந்தது’.